விடிய விடிய டிவி ஓடுதா? இருட்டு இல்லாவிட்டால் மூளைக்கு என்ன ஆகும்?

டிவி பார்த்துக்கொண்டே தூங்கிப்போவது பலருக்குப் பழக்கம். ஆள் தூங்கிவிடுவார், டிவி விடிய விடிய ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் பில் ஏறுவதைத் தவிர வேறென்ன ஆகிவிடப்போகுது என்று நினைக்கலாம். ஆனால், அந்த மங்கலான வெளிச்சம் மூளையையும் தொடலாம் என்கிறது அமெரிக்க ஆய்வு ஒன்று.

மெலடோனின் என்றால் என்ன?

மூளையின் நடுவே இருக்கும் சின்னஞ்சிறு பீனியல் சுரப்பி, இருட்டியதும் சுரக்கும் ஹார்மோன்தான் மெலடோனின். ‘ராத்திரி ஆகிவிட்டது’ என்று உடம்புக்குச் சொல்வது இதன் வேலை. 1958-ல் யேல் பல்கலைக்கழகத்தின் ஆரோன் லெர்னர் குழு இதைப் பிரித்தெடுத்தது. மூளையில் ஏற்படும் அழற்சியைத் தணிக்கும் தன்மையும் இதற்கு உண்டு என ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன.

வெளிச்சம் பட்டால் என்ன நடக்கும்?

வெளிச்சத்தை உணர்ந்து மூளையின் உயிர்க் கடிகாரத்துக்குத் தகவல் சொல்லும் தனி செல்கள் விழித்திரையில் உள்ளன. நீல ஒளி இவற்றை அதிகம் தூண்டும். ‘இன்னும் பகல்தான்’ என சிக்னல் போனதும் மெலடோனின் குறையும். 2011-ல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் சாதாரண அறை வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு, மெலடோனின் சுரக்கும் நேரம் சுமார் 90 நிமிடம் குறைந்தது.

அழற்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காயம் பட்ட இடம் சிவந்து வீங்குகிறதல்லவா, அதுதான் அழற்சி. மூளையில் வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால், அழற்சியைத் தூண்டும் புரதங்கள் அதிகரிக்கும். அதில் ஒன்று டிஎன்எஃப்.

ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக விஞ்ஞானிகள், ஹாம்ஸ்டர் எனும் எலி போன்ற விலங்குகளை 4 வாரம் இரவில் 5 லக்ஸ் வெளிச்சத்தில் வைத்தனர். இருட்டறையில் டிவி ஓடினால் வரும் வெளிச்சம்தான் அது. நினைவாற்றலுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியில் டிஎன்எஃப் கூடியது. அவை சோர்ந்துபோய், பிடித்தமான இனிப்பு நீரைக்கூடக் குறைவாகக் குடித்தன. மூளையில் டிஎன்எஃப்-ஐத் தடுத்தபோது மனச்சோர்வு அறிகுறி தென்படவில்லை. 2012-ல் இந்த முடிவுகள் வெளியாகின.

மனிதர்கள் பயப்பட வேண்டுமா?

இது விலங்குகளில் நடந்த சோதனை. மனிதர்களுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதேசமயம் ஒரு நல்ல செய்தியும் இருக்கு: ராத்திரியை மறுபடி இருட்டாக்கியதும், சுமார் 2 வாரத்தில் ஹாம்ஸ்டர்கள் இயல்புக்குத் திரும்பின.

என்ன செய்யலாம்?

* டிவிக்கு ஸ்லீப் டைமர் வைக்கலாம்.
* நீல ஜீரோ வாட்ஸ் பல்புக்குப் பதில் மங்கலான சிவப்பு பல்பு போடலாம். அதையும் கண்ணில் படாதபடி தாழ்வாக வைப்பது நல்லது.
* நைட் ஷிஃப்ட் முடித்து பகலில் தூங்குபவர்கள் ஜன்னலுக்குத் தடித்த திரை போடலாம்.
* மெலடோனின் மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மாத்திரைக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்றுதான். முதலில் லைட்டை அணைங்க.