சுவரில் மாட்டிய கபோர்டு எப்படி விழாமல் நிற்கிறது?

சமையலறைச் சுவரில் நாமே கபோர்டு மாட்டும்போது, ஸ்க்ரூவை நேராகச் செங்கலில் முறுக்கினால் பிடிப்பதில்லை. ஏன்? மரத்தின் நார்கள் விலகி இடம்கொடுத்து, ஸ்க்ரூவின் மரையை இறுக்கிக்கொள்ளும். செங்கலோ பொடிந்து உதிரும்.

இங்கேதான் நைலான் பிளக் உதவுகிறது. ஜெர்மனியின் ஆர்ட்டூர் பிஷர் 1958-இல் உருவாக்கியது இது. ஸ்க்ரூ உள்ளே போகப் போகப் பிளக் விரிந்து துளையின் பக்கங்களை அழுத்தும். அந்த அழுத்தத்தால் எழும் உராய்வுதான் பிடி. ஆகவே 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. துளையே போடுங்கள், தூளைச் சுத்தமாக வெளியேற்றுங்கள். பூச்சு வலுவற்றது, பிளக் அதைத் தாண்டிச் செங்கலுக்குள் அமர வேண்டும்.

ஸ்க்ரூவை எந்த உயரத்தில் போடுவது? எடையின் மையம் சுவரிலிருந்து தள்ளியிருப்பதால், கபோர்டின் மேல்பக்கம் சுவரை விட்டு விலகப் பார்க்கும். அடிப்பக்கம் சுவரில் அழுந்தும். 30 செ.மீ. ஆழம், 60 செ.மீ. உயரமுள்ள கபோர்டில், மேல்விளிம்பை ஒட்டிய ஸ்க்ரூக்களை வெளியே இழுக்கும் விசை மொத்த எடையில் ஏறத்தாழக் கால் பங்கு. அவற்றைப் பாதி உயரத்தில் போட்டால் அது இரு மடங்காகிவிடும். எனவே முக்கிய ஸ்க்ரூக்கள் மேலேதான் இருக்க வேண்டும்.

துளையிடும் முன், சுவருக்குள் மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் போகும் பாதையைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள்.