டீ தரும் தெம்பு எத்தனை நேரம்?

விடியுமுன் கீரைக்கட்டோடு கிராமத்திலிருந்து கிளம்பி மயிலாப்பூரில் கடைபோடும் தாய்மார்களே! வெறும் வயிற்றில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. தெம்பு உடனே வரும், சீக்கிரமே போய்விடும். மறுபடி டீ! இரண்டு ஸ்பூன் வீதம் ஐந்து டீ என்றால் சுமார் 50 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"ஒரே அசதியா இருக்கு" என்பதற்குப் பல சமயம் இரத்தசோகையே காரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், 15 முதல் 49 வயதுத் தமிழகப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு அது இருந்தது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து சரிவரச் சேராது. ஒரு மணி நேரம் போகட்டும். காலையில் கேழ்வரகுக் கூழ் குடியுங்கள். விற்கிற முருங்கைக்கீரையில் ஒரு பிடி உங்களுக்கும் எடுத்துவையுங்கள், கூடவே ஒரு நெல்லிக்காய்.

கணவன்மார்களே, மிச்சம் மீதியை அவள் சாப்பிடட்டும் என்று விடாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். அசதி தீராவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே கூட்டிப்போங்கள். இரத்தப் பரிசோதனை இலவசம்.