மரப் பேனா ஏன் வெடிக்கிறது?

மரப் பேனா கடைபவர்களின் தீராத தலைவலி விரிசல். கடையும்போது கண்ணில் படாது. மெருகேற்றிப் பரிசாகக் கொடுத்த பேனாவில் சில மாதம் கழித்து நீளவாக்கில் மயிரிழைக் கீறல் ஓடும். பழி உளிமேல் விழும். பெரும்பாலும் காரணம் ஈரமும் சூடும்தான்.

பேனாவுக்குள் பித்தளைக் குழாய் இருக்கிறது. அதைப் போர்த்தியிருக்கும் மரம், முனைகளில் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. மரம் காயக் காயச் சுருங்கும். பித்தளை அப்படியே நிற்கும். பிறகு மரம் வெடிக்காமல் என்ன செய்யும்? மழைக்காலத்தில் வெட்டிய புளியங்கட்டையை அவசரமாகக் கடைந்தால் மதுரைச் சித்திரை வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டையைத் துண்டு போட்டு, இரு முனையிலும் மெழுகு தடவி நிழலில் உலர்த்துங்கள். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று பொருள். மதுரைக்குத் தெற்கிலும் கிழக்கிலும் மண்டிக் கிடக்கும் வேலிக்கருவை, காயும்போது குறைவாகவே சுருங்கும். கனமான, அழகான பழுப்பு மரம். அத்தனையும் விறகாகவும் கரியாகவும் போவது எனக்கு வருத்தம்.

அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைபவர்கள், சுழலும் மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தி, உராய்வுச் சூட்டிலேயே உருக்கி நிறமேற்றுவார்கள். அங்கே கைகொடுக்கும் சூடு பேனாவுக்குப் பகை. 7 மி.மீ. துளை போடும்போது தூள் உள்ளே அடைத்தால் பிட் கொதிக்கும், மரம் உள்ளுக்குள் கீறிவிடும். கொஞ்சம் இறக்கியதும் வெளியே இழுத்துத் தூளை உதறுங்கள்; கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். உப்புத்தாள் விரலைச் சுட்டாலும் அப்படித்தான். துளையின் மறுமுனை பிய்ந்து போகாதிருக்க, கட்டையை நீளமாக விட்டுத் துளைத்தபின் அளவுக்கு அறுப்பது நல்லது.

விரிசல் போக வேறு சிக்கல்களும் உண்டு. மரம் ஒருபக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால், கட்டையைக் கோத்துச் சுழற்றும் மாண்ட்ரல் கம்பியைப் பாருங்கள். மெல்லிய கம்பி அது. நட்டையும் கடைசல் எந்திரத்தின் டெயில்ஸ்டாக்கையும் அளவுக்குமீறி இறுக்கினால் வில்லாக வளைந்து சுற்றும். மரம் நழுவாத அளவு இறுக்கமே போதும்.

குழாயை விட்டு மரம் தனியே சுழல்கிறதா? வழவழப்பான பித்தளையில் பசை பிடிக்காது. ஒட்டுமுன் உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

பாகங்களைக் கோக்குமுன் குழாயின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கே காய்ந்த பசைத் துளி இருந்தால், உலோகப் பாகத்தை அழுத்தும்போது குழாய் விரிந்து மரம் படக்கென்று பிளக்கும். சின்ன உருட்டு அரத்தால் சுரண்டிவிட்டுப் பொருத்துங்கள்.