மழையில் இலையுதிர்க்கும் மரமும் கம்பும்

கம்பு வெயிலுக்கு அஞ்சாது என்பது வளர்ந்த பயிருக்குத்தான் பொருந்தும். முளைக்கும் கம்பின் பாடு வேறு. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில், முதல் மழை விழும் நாட்களில் மணலின் மேற்பரப்பு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். முளைத்துச் சில நாட்கள் வரை கம்பின் வளர்நுனி அந்தக் கொதிமணலை ஒட்டியேதான் இருக்கும். போதாக்குறைக்குப் புழுதிக்காற்று மணலை வாரியடித்து இளம்பயிரைச் சிராய்க்கும்; சில நேரம் புதைத்தே விடும். அங்கே மறுவிதைப்பு சர்வசாதாரணம்.

ஆகவே விதைத்த முதல் சில வாரங்களுக்கு மண்ணின் சூட்டையும் தரையோரக் காற்றையும் கொஞ்சம் தணித்தால் பாதிக் கிணறு தாண்டியது போல. வயலின் நுண்காலநிலையை மாற்றுவது என்று அறிவியலாளர்கள் சொல்வது இதைத்தான்.

நைஜர் உழவர்களுக்கு இதில் கைகொடுப்பது, ஹௌசா மொழியில் 'காவோ' எனப்படும் மரம். நம் கருவேலத்துக்குச் சொந்தம். சுபாவம் மட்டும் நேர் எதிர். ஊரெல்லாம் காயும் கோடையில் தழைத்து நிற்கும்; மழை பிடித்ததும் இலையை உதிர்க்கத் தொடங்கும். முளைக்கும் பருவத்தில் அரைநிழல் கிடைத்து மண் குளிர்கிறது. தூர்கட்டும் பருவத்தில் வெயில் தடையில்லாமல் இறங்குகிறது. கோடையில் ஆடுமாடுகள் அதன் நிழலில் ஒதுங்கி நெற்றைத் தின்பதால் சாணமும் அங்கேயே விழுகிறது. மற்ற மரங்களின் அடியில் பயிர் சோனியாகும். காவோவின் அடியில்தான் கம்பு செழிப்பாக நிற்கும்.

காற்றுக்கு வேறு வைத்தியம். 1970களின் நடுவில் நைஜரின் மஜ்ஜியா பள்ளத்தாக்கில் சுமார் 100 மீட்டருக்கு ஒன்றாக, இரட்டை வரிசையில் வேம்பு நட்டார்கள். ஆம், நம் வேம்பேதான். காற்றுத்தடுப்பு சுவர்போல அடைத்து நிற்கக் கூடாது; காற்று மேலே ஏறி அப்பால் சுழன்றடிக்கும். பாதிக் காற்று ஊடே கசிந்தால்தான் வேகம் அடங்கும். வரிசையை ஒட்டிய பயிர் கொஞ்சம் மெலியத்தான் செய்தது. ஆனால் பள்ளத்தாக்கில் கம்பு விளைச்சல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடியதாகக் கணக்கிட்டார்கள்.

அறுவடைக்குப்பின் கம்பந்தட்டையை நிலத்திலேயே பரப்பி வைத்தாலும் மணல் பறக்காது, மண் சுடாது. ஆனால் தட்டை மாட்டுக்கும் வேண்டும், வேலிக்கும் வேண்டும், அடுப்புக்கும் வேண்டும். மூடாக்குக்கு மிஞ்சுவது சொற்பம். அதனால் என் ஓட்டு மரத்துக்கே.

அந்த மரத்தையும் புதிதாக நட வேண்டியதில்லை. 1983இல் நைஜரின் மராடி பகுதியில் பணியாற்றிய ஆஸ்திரேலியர் டோனி ரினாடோ, வயல்களில் புதர் என்று நினைத்தவை வெட்டுண்ட மரங்களின் உயிருள்ள அடிக்கட்டைகள் எனக் கண்டுகொண்டார். அவற்றில் நல்ல தளிர்களை மட்டும் விட்டு மற்றவற்றைக் கழித்தால் போதும். நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரங்கள் இப்படித்தான், நாற்றுச் செலவில்லாமல் திரும்பி வந்தன.