சிறுநீர் கூறும் செய்தி

மூணாற்றுக்குச் செல்லும் மலைப்பாதையில் உள்ளது பள்ளிவாசல். 1940ஆம் ஆண்டில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய ஊர் அது. அவ்வட்டாரத்துத் தேயிலைத் தோட்டங்களில் நம்மவர் தலைமுறை தலைமுறையாக உழைத்து வருகின்றனர். அங்குள்ள ஒரு லயத்தில் பிறந்த குழந்தை இரண்டு நாள் நன்றாகப் பாலருந்திவிட்டு, மூன்றாம் நாள் வாந்தியெடுத்துச் சோர்ந்து கிடக்கிறது என வைத்துக்கொள்வோம். தாய்ப்பால் ஒவ்வவில்லை என்பர் சிலர். கிருமியின் வேலை என்பர் வேறு சிலர். பெரும்பாலும் கிருமியே காரணம். ஆயினும் சில குழந்தைகளிடத்தில் குறை பிறவியிலேயே அமைந்திருக்கிறது.

உண்ட புரதத்தை நம் உடல் படிப்படியாகச் சிதைக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால், அந்த நொதி செயற்படாது. பாதியிற் சிதைந்த அமிலம் குருதியில் தேங்கிச் சிறுநீரில் வடியும். பெற்றோர் இருவரும் நலமாகவே இருப்பர். தாயை மட்டும் குறை கூறும் வழக்கம் எத்துணை அநீதியானது என்பதை நேயர்கள் உணரலாம்.

இத்தகைய குறைகளுள் ஒன்றைக் கண்ணாலேயே காணலாம். அல்காப்டன்யூரியா என்னும் நோயில், சிறுநீர் நனைந்த குழந்தைத் துணி காற்றுப்பட்டுக் கறுத்துப்போகும். இது பரம்பரையாக வருவது என்பதை 1902இல் ஆங்கில மருத்துவர் கேரட் எடுத்துக்காட்டினார். தமிழ்நாட்டு நரிக்குறவர் மக்களிடையே இந்நோய் மிகுதியாக இருப்பதையும், அதற்குரிய மரபணு மாற்றத்தையும் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்டனர். இந்நோயாளருக்கு நடுவயதில் முதுகெலும்பும் மூட்டுகளும் தேய்கின்றன.

ஆனால் மற்ற அமிலங்கள் பல நிறம் காட்டுவதில்லை. அவற்றைக் காண்பதற்கே பொருண்மை நிறமாலைமானி பயன்படுகிறது. சிறுநீரிலுள்ள பொருள்களை எளிதில் ஆவியாகும்படி பக்குவப்படுத்திச் சூடேற்றி, சுமார் முப்பது மீட்டர் நீளமுள்ள மயிரிழை போன்ற குழாய்ச் சுருளில் செலுத்துகின்றனர். ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. வெளிவந்ததை எலெக்ட்ரான்களால் தாக்கி, உடைந்த துணுக்குகளைக் கருவி எடை பார்க்கிறது. மனிதருக்குக் கைரேகை போல ஒவ்வொரு அமிலத்திற்கும் ஒரு துணுக்குக் கோலம் உண்டு. ஒரே சோதனையில் பற்பல நோய்களின் தடயத்தைத் தேட முடிவது இதனாலேதான்.

இக்கருவி மலையூரில் இல்லையே என்று மனம் தளர வேண்டுவதில்லை. குழந்தையின் சிறுநீரில் வடிதாளை நனைத்து, நிழலில் உலர்த்தி, தபாலில் நகரத்து ஆய்வகத்திற்கு அனுப்பலாம். கடும் நோயுற்ற குழந்தைக்கு மட்டும், முடிவு வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்தி வைத்தலாகாது. மெதில்மலோனிக் அமில நோயில் ஒரு வகை, வைட்டமின் பி12 ஊசிக்கே இணங்குகிறது. வேறு சிலவற்றிற்குப் புரதத்தை அளந்து கொடுக்க வேண்டும். குடும்பத்தில் முன்னரே ஒரு சிசு காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அடுத்த மகப்பேற்றுக்கு முன்பே மருத்துவரிடம் அதைக் கூறிவிடுதல் நன்று.