முற்றத்துக்கு மேல கண்ணாடி: எந்த மரத்தை நம்பலாம்?

இன்னைக்கு மரம் பத்திப் பேசலாம். ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் தாத்தா காலத்துத் தொட்டிக்கட்டு வீட்டைப் புதுப்பிக்கிறவங்க பலருக்கும் ஒரு ஆசை இருக்கு. நடு முற்றத்துக்கு மேல மரச்சட்டம் அடிச்சு, கண்ணாடி போட்டு, கீழே செடி வெக்கணும். இங்கிலாந்துல இதை கன்சர்வேட்டரின்னு சொல்வாங்க. அங்க அது குளிர்கால வெயிலைப் பிடிச்சு வெக்கிற அறை. நம்ம சேலம், நாமக்கல்ல ஏப்ரல், மே வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும், அக்டோபர்ல மழை. ஒரே சட்டம் ரெண்டையும் தாங்கணும்.

கடைக்குப் போய் "ஹார்ட்வுட் குடுங்க"ன்னு கேட்டா போதுமா? போதாது. அது தாவரவியல் பெயர்தான், உறுதிக்கான சான்றிதழ் இல்லை. பஞ்சு மாதிரி மெத்துன்னு இருக்கிற இலவ மரமும் அந்தக் கணக்குல ஹார்ட்வுட்தான். கொல்லிமலை, ஏற்காட்டுல காபிக்கு நிழல் தர்ற சில்வர் ஓக்கும் அப்படித்தான். பேர்ல ஓக் இருக்கு; ஆனா அது ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த வேற மரம். மழையில நனையிற இடத்துக்கு ஆகாது.

அப்போ எதைப் பார்க்கணும்? முதல்ல வைரம். மரத்தோட நடுவுல அடர்ந்த நிறத்துல இருக்கிற முதிர்ந்த பகுதி அது. சுத்தி இருக்கிற வெளிறிய பகுதியைப் பூச்சி சீக்கிரம் அரிச்சிடும். தேக்குன்னு சொல்லி வித்தாலும், சின்ன வயசுல வெட்டின மரம்னா பாதி வெள்ளையாத்தான் இருக்கும். வேம்புக்கும் வாகைக்கும் இதே கதைதான். பனை மட்டும் தலைகீழ்: உறுதி வெளிப்பக்கம், சோறு நடுவுல. அதனாலதான் வெளி ஓரத்தைப் பிளந்து பனங்கை எடுத்தாங்க.

ரெண்டாவது, ஈரம். பச்சை மரம் காயும்போது நீளம் பெருசா மாறாது, அகலம் சுருங்கும். கண்ணாடி சுருங்காது. அதனால இடுக்கு விழும். இல்லைன்னா கண்ணாடி விரியும். ஆசாரி கையில மீட்டர் இருந்தா வெச்சுப் பார்க்கச் சொல்லுங்க. ஈரம் சுமார் 12 சதவீதம் இருந்தா நிம்மதி.

மூணாவது, வேலைப்பாடு. எவ்வளவு நல்ல தேக்கும் தண்ணி தேங்கினா உளுத்துப்போகும். சட்டத்தோட மேல்பக்கம் சரிவா இருக்கணும், இணைப்புல தண்ணி நிக்கக் கூடாது. உச்சியில சூடான காத்து வெளியேற இடைவெளி விடுங்க. இல்லைன்னா செடியும் வாடும், மரமும் வெடிக்கும்.

கடைசியா, மரவாடிக்குப் போறதுக்கு முன்னாடி உங்க வீட்டையே ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. பிரிக்கிற பகுதியில இருக்கிற உத்தரம், தூண், பனங்கை எல்லாம் பல பத்து வருஷமா காஞ்ச மரம். சுருங்க வேண்டியது எப்பவோ சுருங்கியாச்சு. புதுசா பனை வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே அறிவிச்சுட்டாங்க. அதனால பழைய மரத்தை மொத்தமா விலை பேசிடாதீங்க. ஆசாரியைக் கூப்பிட்டு ஒவ்வொண்ணா தட்டிப் பார்க்கச் சொல்லுங்க. கணீர்னு சத்தம் வந்தா எடுத்து வையுங்க. பொத்துன்னு கேட்டா உள்ளே கறையான் வேலை முடிஞ்சிருக்கலாம். நல்லது தேறினா, முற்றத்துச் சட்டம் அதுலயே கிடைச்சிடும்.