இருளர் மொழி தமிழா, தனிமொழியா? கற்றுக்கொள்ள வழி இருக்கா?

‘ஜெய்பீம்’ பார்த்தவர்களுக்கு இருளர் என்ற பெயர் புதிதல்ல. திருவாமாத்தூரில் தொடங்கி திண்டிவனம் வரைக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் எந்தப் பக்கம் போனாலும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் வேலை பார்க்கும் இருளர் குடும்பங்களைப் பார்க்கலாம். ஆனா, இருளர் பெயரில் ஒரு மொழியே இருப்பது நிறைய பேருக்குத் தெரியாது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் இருளர்கள் ஏறக்குறைய 1.9 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் ‘இருளா / இருளர் மொழி’யைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுக்க 12 ஆயிரம் பேர்கூட இல்லை. ஏன் இவ்வளவு வித்தியாசம்? விழுப்புரம், செங்கல்பட்டு மாதிரி சமவெளியில் வாழும் இருளர்கள் பேசுவது பெரும்பாலும் தமிழ்தான். இருளா மொழி நீலகிரி, கோவை மலையோரங்களிலும் கேரளத்தின் அட்டப்பாடியிலும் பேசப்படுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்த 12 ஆயிரத்தையும் கணக்கெடுப்பு தனிமொழியாகக் காட்டவில்லை. ‘தமிழ்’ என்ற தலைப்பின் கீழே ஒரு உட்பிரிவாகச் சேர்த்துவிட்டது. மொழியியலாளர்கள் இதை ஏற்பதில்லை. ஜெரார்டு டிஃப்லோத் 1968-ல் தன் ஆய்வேட்டுக்கு வைத்த தலைப்பே, இருளா தமிழுக்கு ‘நெருங்கிய உறவு’ என்றுதான் சொல்கிறது. உறவு என்றால் இரண்டு பேர் இருக்கணும் இல்லையா?

காதில் கேட்டாலே வேறுபாடு புரியும். ‘பாட்டு’ என்று சொல்லும்போது கடைசியில் உதடு குவியாமல் ஒரு உகரம் வருகிறதே, குற்றியலுகரம், கிட்டத்தட்ட அந்த மாதிரியான நடு உயிரொலிகள் இருளாவில் சொல்லின் நடுவிலேயே வரும். தமிழ் எழுத்தில் அதற்குத் தனிக்குறி இல்லை. அதனால் இருளாவைத் தமிழில் எழுதினால் பாதி ஒலி காணாமல் போகும். படிக்கிறவர் அதைத் தமிழ் என்றே நினைத்துவிடுவார்.

சரி, கத்துக்கணும்னு ஆசைப்பட்டால்? அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1970-களின் கடைசியில் இரா. பெரியாழ்வாரின் இருளா ஒலியியல் ஆய்வைச் சொல்தொகுதியோடு வெளியிட்டது. கமில் சுவலபில் 1973 தொடங்கி ஜெர்மனியில் மூன்று பகுதிகளாக இருளா பற்றி எழுதினார். மூன்றாவது பகுதி முழுக்க வாய்மொழி வழக்காறுகள். எல்லாமே அருமையான உழைப்பு. ஆனா எல்லாம் ஆங்கிலத்தில், ஆய்வாளர்களுக்காக எழுதியவை. அட்டப்பாடி குழந்தையோ திண்டிவனத்து இளைஞரோ அதை வைத்து ‘சாப்டியா?’ என்றுகூடக் கேட்கப் பழக முடியாது.

ஆள் குறைவு என்பது சாக்காகாது. பசிபிக்கில் நியுவே என்ற தீவில் 2,000 பேர்கூட இல்லை. அந்த மக்களில் 30 ஆயிரத்துக்கும் மேல் நியூசிலாந்தில் இருக்கிறார்கள். நியுவே மொழிக்கு 1997-ல் ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் அகராதி போட்டது. நியூசிலாந்து கல்வி அமைச்சகம் தொடக்கநிலைப் பாடம் தயாரித்தது. ஆண்டுதோறும் நியுவே மொழி வாரமும் நடக்கிறது.

இங்கே 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகள் போன்ற பழங்குடி மொழிகளின் வளங்களையும் ஒலிவடிவங்களையும் ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் அறிவித்தது தமிழ்நாடு அரசு. நல்ல விஷயம். ஆவணம் வேறு, பாடப்புத்தகம் வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்த கணக்கெடுப்பு 2027-ல். படிவத்தில் தாய்மொழி கேள்விக்கு வீட்டார் என்ன சொல்கிறார்களோ அதைத்தான் எழுத வேண்டும். கணக்கெடுப்பாளராகப் போகும் ஆசிரியர், ‘இருளா’ என்று பதில் வந்தால் தானாக ‘தமிழ்’ என்று மாற்றி எழுதக் கூடாது.